நின்ற இடத்திலேயே நிற்பவளுக்கு

என் அன்புக்குரிய அதிகாரி அம்மாவுக்கு,

கரையில் இருப்பவன் வணக்கத்துடன் எழுதுவது. உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகும் தணிக்கை அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, இதில் எண் எதுவும் இல்லை, இடம் எதுவும் இல்லை, கப்பலின் பெயர்கூட இல்லை. என் வீட்டு வம்பு மட்டும்தான் இருக்கிறது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, ஒரு டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள்.

இங்கே எல்லோரும் சுகம். சமையலறைக் குழாய்க்கு மட்டும்தான் உடம்பு சரியில்லை. நீ கப்பல் ஏறிய மறுநாள் சொட்ட ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. அவ்வளவு பெரிய ஆன்டெனாவைக் கட்டி மேய்க்கிற எனக்கு ஒரு வாஷர் மாற்றத் துப்பில்லை என்று உன் அப்பா கடைக்கு வருகிறவர், போகிறவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். மாமனார் வாயை யார் அடைப்பது!

மாமாவின் இஸ்திரிக் கடை வழக்கம்போல நடக்கிறது. உன் வெள்ளை யூனிஃபார்ம் வராமல் மேசையே வெறிச்சென்று இருக்கிறது என்கிறார். போன வாரம் ஒரு சட்டையைத் தேய்த்துக்கொண்டே திடீரென்று, "மாப்ள, எம் பொண்ணு கப்பல்ல அப்படி என்னதான் வேலை பாக்குறா? கேட்டா ரகசியம்ங்குறா. நீங்களும் வாயத் திறக்க மாட்டேங்குறீங்க. நான் என்ன எதிரி நாட்டுக்காரனா?" என்று கேட்டுவிட்டார். பாவமாக இருந்தது. புத்தகக் கடையில் கிடைக்கிற அளவுக்கு மட்டும் சொன்னேன். (தணிக்கை ஐயா, பதற வேண்டாம்.) கப்பலும் கரையும் பேசிக்கொள்ளும் அலைவரிசை ஓர் இடத்தில் நிற்காது, கண் இமைப்பதற்குள் பல இடம் தாவிவிடும், அதனால் நடுவில் யாரும் ஒட்டுக் கேட்கவும் முடியாது, கூச்சல் போட்டுக் கெடுக்கவும் முடியாது என்றேன். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நொடியில் ஒரே இடத்துக்குத் தாவ வேண்டும், அதற்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஓடுகிற கடிகாரம் வேண்டும் என்றேன். மாமா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தார். "அதாவது, ஓடுற பஸ்லேர்ந்து ஓடுற பஸ்ஸுக்குத் தாவுறது. ரெண்டு டிரைவரும் ஒரே வாட்ச் கட்டியிருக்கணும். ஒருத்தன் வாட்ச் தப்புன்னா தாவுறவ நடு ரோட்டுல கிடப்பா" என்றார். அன்றிலிருந்து, தன் பெண் பஸ் விட்டு பஸ் தாவுகிறாள் என்று ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த ரகசியம் எதிரியின் காதுக்கே போனாலும் அவனுக்கு ஒன்றும் புரியப்போவதில்லை.

இன்னொன்றும் சொன்னேன். கடலில் இருப்பவள் தானாக வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் இருக்கிற இடம் தெரிந்துவிடும். கரையிலிருந்து நம் முத்திரையோடு வரும் அழைப்பு காதில் விழுந்தால்தான் பதில் என்றேன். அதற்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. "வாய் ஓயாத பொண்ணை இப்படிப் பழக்கிட்டீங்களே" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார்.

இப்போது உன் மகள் சமாசாரம். வாலு நன்றாக இருக்கிறாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ அங்கே படபடக்க வேண்டாம். ஷூ வாங்க அந்தப் பெரிய கடை வளாகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். விடுமுறை நாள், எள் போட்டால் எள் விழாத கூட்டம். படிக்கட்டுப் பக்கம் யாரோ இடித்ததில் கை விட்டுப்போனது. திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. பொம்மைக் கடைக்கு ஓடினேன். ஐஸ்கிரீம் கடைக்கு ஓடினேன். மேல்மாடியில் பிள்ளைகள் விளையாடுகிற மிஷின்களுக்கு நடுவே குனிந்து குனிந்து தேடினேன். ஒலிபெருக்கியில் சொல்ல வைத்தேன். கடைசியில் எங்கே இருந்தாள் தெரியுமா? கை விட்டுப்போன அதே இடத்தில், எடை பார்க்கும் மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காவலுக்கு நிற்கும் அம்மா பிஸ்கட் கொடுத்துக் கூப்பிட்டும் ஓர் அடி அசையவில்லையாம். நான் மூச்சிரைக்கப் போய் நின்றால் என்னை முறைத்துப் பார்த்து, "கை விட்டுப்போச்சுன்னா அங்கேயே நிக்கணும், தேடுறது மத்தவங்க வேலைன்னு அம்மா சொல்லிருக்காங்க. நான் நகரவே இல்லப்பா. நீங்கதான் லேட்" என்றாள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஷூ வாங்க மறந்து வீடு வந்து சேர்ந்தோம்.

நீ கிளம்பும்போது நான் கேட்டது நினைவிருக்கும். இது கடைசிக் கடல் பயணமாக இருக்கட்டும், கரைப் பணிக்கு எழுதிக் கொடு என்றேன். வந்து சொல்கிறேன் என்று போய்விட்டாய். வருகிற வரை பொறுக்க மனசு கேட்கவில்லை, அதனால் மறுபடி கேட்கிறேன். எங்கள் நிலையத்தில் உன் தகுதிக்கு ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பலாம். சுற்றிலும் தண்ணீரை வைத்துக்கொண்டு அங்கே நீ செய்கிற வேலையை இங்கே உட்கார்ந்து செய்ய முடியாதா? நீ ஒருத்தி அங்கே இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும்? அடுத்த தபாலில் 'சரி' என்று ஒரே ஒரு வார்த்தை எழுது, போதும்.

மாமா உடம்புக்கு ஒன்றும் இல்லை. வாலுவின் படம் ஒன்று இத்துடன் இருக்கிறது. கப்பல் மாதிரி இருப்பது கப்பல் இல்லை, நானாம்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு காற்றில் நிற்காதே.

உன் ஒற்றை வார்த்தைக்காகக் காத்திருக்கும்,
வாலு அப்பா

* * *

வாலு அம்மா,

வணக்கம், சுகம் எல்லாம் பிறகு. நிலையத்துக் கேன்டீனில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தலைமைப் பொறியாளர், அதுதான் நம் பெரிய மேடம், "உங்க முகத்தைப் பாத்தா எனக்கே கை ஓடல. போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று வெளியே அனுப்பிவிட்டார். டீ ஆறிப்போய்க் கிடக்கிறது. இந்தக் காகிதம் இந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகாது, எழுதியதும் பாதுகாப்பு அறைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். உன் கைக்கு என்றாவது வருமா, தெரியாது. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. சொல்லக்கூடிய ஒரே ஆள் நீ. நீ எங்கே இருக்கிறாய் என்பதுதான் இப்போது கேள்வி.

நேற்றுச் சாயங்காலம் சூரியன் மறைந்த பிறகும் வானம் இருட்டவில்லை. சிவந்தது. அந்திச் சிவப்பு இல்லை. மேலிருந்து கீழே திரைச்சீலை தொங்கவிட்ட மாதிரி ஒரு சிவப்பு, அது மெதுவாக அசைந்தது. தெருவே மொட்டைமாடியில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. வாலு என் தோளில் உட்கார்ந்து, "யாருப்பா அங்க பெயின்ட் அடிக்கிறாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும், சூரியன் வெடித்துச் சீறிய தீயின் மிச்சம் அது. தெரிந்தும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்து இவ்வளவு பயந்ததில்லை.

அந்த அடியில் ஊர்சுற்றி சுருண்டுவிட்டது. உங்களுக்கும் எங்களுக்கும் நடுவே உலகத்தைச் சுற்றி ஓடி ஓடிச் சேதி சொல்லும் அந்தச் செயற்கைக்கோள், சூரியனுக்கு முகம் காட்டாமல் உருண்டுகொண்டிருக்கிறது. பேட்டரி இறங்கிக்கொண்டே வருகிறது. இன்று சாயங்காலம் உங்கள் கடலுக்கு மேலே ஒரு தடவை கடக்கும். அங்கே அதைப் பார்க்க உங்கள் கப்பலை விட்டால் நாதி இல்லை. நாங்கள் சொல்கிற கட்டளையை நீங்கள் வாங்கி அதற்குச் சொன்னால் நிமிரும். அடுத்த சுற்று வரை அதன் பேட்டரி தாங்காது.

அதற்கு நாங்கள் கூப்பிடுவது உன் காதில் விழ வேண்டும். ஊர்சுற்றி படுத்ததால் பழைய சிற்றலை வானொலிக்குப் போய்விட்டோம். ஆகாயக் கூரையில் பட்டுத் தெறித்துக் கடலில் இறங்கும் வழி. சூரியன் அந்தக் கூரையையும் கிழித்துவைத்திருந்தது. காலையில் மெல்ல மெல்லக் கூடிவந்தது. அப்போதிலிருந்து கூப்பிடுகிறோம். கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறது.

தனியாக ஓடும் கப்பல் கடிகாரம் எப்போதும் கொஞ்சம் பின்தங்கும் என்பது எங்கள் அனுபவம். அதனால் உன்னைப் பின்னால் தேடுகிறோம். கொஞ்சம் பின்னால், இன்னும் கொஞ்சம் பின்னால். ஒன்றும் இல்லை. எதைச் சொன்னாலும் "உறுதியா?" என்று கேட்பதால் 'சந்தேகம்' என்று நாங்கள் பெயர் வைத்த அந்தப் பொறியாளர், உங்கள் கடிகாரமே நின்றிருக்கும் என்கிறார். வேறு சிலர் வேறு ஏதோ சொல்ல வந்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஊர்சுற்றி உங்கள் கடலைக் கடந்து மறைகிற வரை பதில் வராவிட்டால், 'கப்பல் தொடர்பில் இல்லை' என்று மேடம் கையெழுத்துப் போட வேண்டும். போட்டதும் குடும்பங்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். கப்பலில் உறவு இருக்கிறவன் அதற்கு மேல் அந்த அறையில் இருக்கக் கூடாது என்பது விதி. காகிதம் அவர் மேசையில் இருக்கிறது. பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே நிற்கிறார்.

காலையில் நிலையத்திலிருந்து போன் வந்ததும் கிளம்பினேன். வாசலில் மாமா நின்றார். என் முகத்தைப் பார்த்தார். "சட்டையக் கழட்டுங்க மாப்ள, கசங்கியிருக்கு" என்றார். முந்தின நாள் அவரே தேய்த்த சட்டைதான். கழற்றிக் கொடுத்தேன். மறுபடி தேய்த்துக் கொடுத்தார். சூடு ஆறும் முன்பே போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

எங்கேயடி இருக்கிறாய்? வாலுவைத் தேடி மாடி மாடியாக ஓடினேனே, அதே பதைப்பு. அவள் நகர மாட்டாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பிள்ளைகள் என்றால் ஓடும் என்று நானே முடிவுகட்டி, அவள் போகாத இடமெல்லாம் போய்த் தேடினேன். நீயும் நகர மாட்டாய். உன்னை எனக்குத் தெரியாதா? வானம் சிவந்ததைப் பார்த்த அந்த நிமிஷமே, மேலே செயற்கைக்கோள்களிலிருந்து வரும் நேரத்தை நம்பக் கூடாது என்று அதைத் துண்டித்துவிட்டு, உன் கப்பல் கடிகாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாய். உன் மகள் எடை மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி. நின்றுகொண்டு, நீங்கதான் லேட் என்று

இரு.

நீ சரியான நேரத்தில் நின்று, நாங்கள்தான் தப்பு என்றால்?

போகிறேன்.

* * *

என் அன்பும் மரியாதையும் முழுதாகச் சேரவேண்டிய அதிகாரி அம்மாவுக்கு,

நீயும் உன் கப்பலும் சுகம் என்பதை உலகத்திலேயே முதலில் தெரிந்துகொண்டவர்களில் ஒருவன் எழுதுவது. பாதியில் எழுந்து ஓடிய கடிதத்தைப் பாதுகாப்பு அறைக்காரர்கள் படித்துப் பார்த்து, இதில் சூரியனைத் தவிர வேறு யார் ரகசியமும் இல்லை என்று என்னிடமே திருப்பித் தந்துவிட்டார்கள். முதல் கடிதமும் இன்னும் தணிக்கை அறையிலேயே கிடந்தது, மூன்றையும் ஒரே உறையில் போடுகிறேன். அன்று உன் பக்கத்தில் நடந்தது உனக்குத் தெரியும். கரைப் பக்கத்தில் நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

ஓடிப்போய் மேடம் முன்னால் நின்றேன். கப்பல் கடிகாரம் சரியாக இருந்து, நம் கடிகாரம் தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அறை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எங்கள் தலைமைக் கடிகாரத்தைச் சந்தேகப்படுவது, வீட்டுக்காரரிடமே இது உங்கள் வீடுதானா என்று கேட்கிற மாதிரி. எதையும் நம்பாத 'சந்தேகம்'கூட அதை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அதன் தலையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பிறகென்ன! மேடம் என்னை உற்றுப் பார்த்து, "புருஷனா சொல்றீங்களா, டெக்னீஷியனா சொல்றீங்களா?" என்று கேட்டார். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சொல்றோம் மேடம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கையில் பிடித்தபடியே எழுந்து நிலவறைக்கு நடந்தார்.

நிலவறையில் 'தனிக்கட்டை' இருக்கிறதே, நினைவிருக்கிறதா? நீ பயிற்சிக்கு வந்த நாட்களில் அதற்குப் பக்கத்தில் நின்றுதான் முதல் தடவை என்னைத் திட்டினாய். எந்தச் செயற்கைக்கோள் சொல்வதையும் கேட்காமல், யாரோடும் ஒட்டாமல், தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றைக் கடிகாரம். யாரையும் நம்பாத கடிகாரம் ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ புண்ணியவான் வைத்தது. தலைமைக் கடிகாரத்திலிருந்து வரும் கம்பியை இழுத்துவந்து நான்தான் இரண்டையும் ஒப்பிடும் கருவியில் செருகினேன். திரையில் இரண்டு கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்க வேண்டும். விலகி நின்றன. முடியளவு விலகல்தான், ஆனால் பஸ் விட்டு பஸ் தாவுகிறவளுக்கு அது ஒரு ஊர் தூரம்.

சூரியப் புயலின்போது வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் உளறிய தப்பு நேரத்தை எங்கள் தலைமைக் கடிகாரம் அப்படியே விழுங்கிவிட்டு, பச்சை விளக்கையும் போட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. அதை மலைபோல நம்பி நாங்கள் உன்னைப் பின்னால் தேடிக்கொண்டிருந்தோம். நீயோ எங்களுக்கு முன்னால் இருந்தாய். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா இல்லை. மேடம் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே, "காலையிலேர்ந்து தொலைஞ்சு போனது அவங்க இல்ல. நாமதான்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

தனிக்கட்டையின் நேரத்துக்கு மாறினோம். ஊர்சுற்றி அப்போது உங்கள் கடலின் விளிம்புக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு அழைப்பு போனது. ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும், மழை பெய்கிற தகரக் கூரை மாதிரி. நான் உன் முகத்தை நினைத்துக்கொள்ளப் பார்த்தேன், வரவில்லை. உன் ஈரத் தலைதான் வந்தது. அப்புறம் அந்த இரைச்சலுக்குள் ஏதோ ஒன்று இருந்தது. காதுக்குத் தெரியவில்லை, கருவிக்குத் தெரிந்தது. ஒரு துண்டு, அப்புறம் ஒரு துண்டு. முத்திரை பொருந்தியது. திரையில் வரி வரியாக நீங்கள் வந்தீர்கள். கப்பல் சரி. ஆட்கள் சரி. இடம், சொன்ன இடம். ஆன்டெனா ஊர்சுற்றியின் வழியைப் பார்த்துத் தயார்.

கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு, யாரும் அதில் எதுவும் எழுதுவதில்லை. நீ எழுதியிருந்தாய். "நகரவில்லை. நீங்கள்தான் தாமதம்."

அறை மொத்தமும் வெடித்துச் சிரித்தது. மேடம்கூடச் சிரித்தார். நான் மட்டும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். உன் மகள் அந்தக் கடை வளாகத்தில் என்ன சொன்னாள் என்பது உனக்குத் தெரியாது. அவள் சொன்னதை முதல் கடிதத்தில் எழுதியிருக்கிறேன், எடுத்துப் படி. அம்மாவும் மகளும் சொல்லிவைத்துக்கொண்டு என்னை அழவைக்கிறீர்கள்.

அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வேன்! இத்தனை வருஷமாக அந்த மல்லாந்த குடைக்கு, எங்கள் பெரிய ஆன்டெனாவுக்கு, மசகு போட்டுத் துடைத்து வருகிறவன் நான். கம்பி தெரியும், ஆணி தெரியும். வேலை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றுதான் அது என்ன வேலை என்று பார்த்தேன். நாங்கள் கட்டளையைச் சின்னச் சின்னத் துண்டாகச் சிற்றலையில் வீசுகிறோம். அது கிழிந்து ஒட்டிய ஆகாயக் கூரையில் பட்டுக் கடலில் விழுகிறது. அலையில் ஆடிக்கொண்டிருக்கிற ஒரு கப்பலில் நின்று நீங்கள் அதைப் பொறுக்கி, ஒட்டி, முத்திரை சரிபார்த்து, தலைக்கு மேலே உருண்டு ஓடிக்கொண்டிருக்கும் ஊர்சுற்றியின் காதில் சொல்கிறீர்கள். நிற்காத தரையிலிருந்து, நிற்காத ஒன்றை நிறுத்துகிறீர்கள். எதிரே நிற்பது சூரியன். சூரியனே அடித்திருக்கிறது, நீங்கள் அசையவில்லை!

திரையில் பேட்டரிக் கோடு இறங்கிக்கொண்டே இருந்தது. இறங்கிக்கொண்டே இருந்த கோடு, ஓர் இடத்தில் நின்றது. மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்ல ஏற ஆரம்பித்தது. ஊர்சுற்றி சூரியனைப் பார்த்து முகத்தைத் திருப்பிவிட்டது. 'சந்தேகம்' என் தோளைப் பிடித்து, "உறுதிதான்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

மேடம் பேனாவுக்கு மூடி போட்டார். உள்ளங்கை முழுக்க மை. அந்தக் கையாலேயே காகிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். நான் வெளியே போய்க் குடைக்குக் கீழே நின்றுகொண்டேன். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது, முந்தின நாள் அவ்வளவு சீறிய சூரியன் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. தலையை அண்ணாந்து பார்த்தேன். வெறும் வானம். அதில் எதுவும் தெரியவில்லை. ஆனால் உன் வார்த்தை அந்த வழியாகத்தான் வந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கொஞ்ச நேரம் அழுதேன், மறைப்பானேன்.

வீட்டுக்குப் போனால் மாமா கடையை அடைக்காமல் உட்கார்ந்திருந்தார். நானே, பஸ் ரெண்டும் சேந்துடுச்சு மாமா என்றேன். "தாவுனவ விழலையே?" என்றார். விழவில்லை, அவள் பஸ் சரியாகத்தான் ஓடியது, எங்கள் வாட்ச்தான் தப்பு என்றேன். மனுஷர் தலையை ஆட்டிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வேட்டியை விரித்துத் தேய்க்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் தேய்த்தார். இஸ்திரிப் பெட்டியின் பிளக் சுவரில் செருகப்படவே இல்லை. நான் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டேன்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். என் முதல் கடிதத்தில், வாலு சமாசாரத்துக்குக் கீழே, ஒரு ஓட்டை இருக்கும். ராணுவ ரகசியம் எதையோ உளறிவிட்டேன் என்று பயப்படாதே. நானே தணிக்கை அறைக்குப் போய், அந்தப் பத்தியை வெட்டிவிடுங்கள் ஐயா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "என் சர்வீஸ்ல வெட்டாதீங்கன்னு கெஞ்சினவங்கதான் உண்டு. நீங்க ஒரு ஆளுதான் வெட்டச் சொல்றீங்க. இதுல ரகசியம் ஒண்ணும் இல்லையே?" என்றார். அந்தக் கேள்வி கேட்டவனுக்கு விடை கிடைத்துவிட்டது, இனி அது போய்ச் சேர வேண்டாம் என்றேன். அவர் அந்தப் பத்தியை மறுபடி ஒரு தடவை படித்தார். பிறகு ரொம்பப் பொறுமையாக, ஓரம் பிசிராமல் வெட்டி என் கையில் கொடுத்தார். அதில் என்ன இருந்தது என்பதை நீ ஊகித்துவிடுவாய், எனக்குத் தெரியும். ஊகித்தாலும் பதில் எழுதாதே. எங்கள் நிலையத்தில் காலியாக இருந்த நாற்காலியில் வேறு யாராவது உட்காரட்டும்.

ராத்திரி படுக்கும்போது உன் பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்ய ஒரு வாஷர் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. சமையலறைக் குழாயை மட்டும் நேற்று நானே சரிசெய்துவிட்டேன். நம்பாவிட்டால் உன் அப்பாவைக் கேள்.

வாலுவிடம், அம்மாவும் நீ சொன்னதையேதான் சொன்னாள் என்றேன். எப்போது, எங்கே என்று குடைந்தாள், சொல்லவில்லை. கப்பல் வருகிற அன்று துறைமுக வாசலில் நிற்பாளாம், நீ வரும்வரை ஓர் அடி நகர மாட்டாளாம். இப்போதே பழகிக்கொண்டிருக்கிறாள், கூடத்தின் நடுவில்.

கடலும் வானமும் உனக்கு ஒத்தாசையாக இருக்கட்டும். உன் கடிகாரம் ஒரு நாளும் பிசகாதிருக்கட்டும். எந்தப் புயல் அடித்தாலும் நீ நின்ற இடத்திலேயே நில், எங்களுக்காக நகராதே. நாங்கள் எங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு எத்தனை தாமதமானாலும் உன்னிடம் வந்து சேருவோம்.

உன்னைத் தேடுவதே தன் வேலை என்று இப்போது தெரிந்துகொண்ட,
வாலு அப்பா